பன்னிரண்டு பிள்ளைகள், ஒரு வகுப்பறை: புலன்சார் கருவிகளில் எதை வாங்குவது, எதை இங்கேயே செய்வது

தாமிரபரணிக் கரையோர வட்டாரம் ஒன்றில் இயங்கும் எங்கள் பகல்நேர மையத்துக்குப் பன்னிரண்டு பிள்ளைகள் வருகிறார்கள். ஐந்து பேருக்கு ஆட்டிசம், மூவருக்கு மூளை முடக்குவாதம், இருவருக்கு டவுன் சின்ட்ரோம். மற்ற இருவருக்கு அறிவுத்திறன் குறைபாட்டோடு வலிப்பும் உண்டு. மார்ச் மாதம் முடிவதற்குள் செலவிட்டாக வேண்டிய ஒரு தொகை கைக்கு வந்தபோது, அதைப் புலன்களை அமைதிப்படுத்தவோ தூண்டவோ உதவும் புலன்சார் கருவிகளுக்குப் பயன்படுத்துவது என்பதில் எங்களுக்குள் மாற்றுக் கருத்து எழவில்லை. எதை வாங்குவது என்பதில்தான் மூன்று விதமாகப் பேசினோம். குமிழ் எழும் ஒளிக்குழாய், மெத்தைச் சுவர், தெரபி ஊஞ்சல் எல்லாம் கொண்ட தனி அறை ஒன்றை அமைத்துவிடலாம் என்றார் ஒருவர். விற்பனைப் பட்டியலிலிருந்து சிறு சிறு கருவிகளை வாங்கி வகுப்பிலேயே வைக்கலாம் என்றார் இன்னொருவர். நம் வட்டாரத்துப் பாய், மண், ஓலை, துணி ஆகியவற்றைக் கொண்டு வேண்டியதைச் செய்துகொள்ளலாம் என்பது என் கருத்து. விவாதம் முடிந்தபோது என் கருத்தும் முழுதாக நிலைக்கவில்லை. சிலவற்றைக் காசு கொடுத்து வாங்கியே தீர வேண்டும் என்று ஒப்புக்கொண்டேன். இதே கேள்வியோடு இருக்கும் சிறப்பாசிரியர்களுக்குப் பயன்படும் என்பதால் அந்த ஒப்பீட்டை விரிவாக எழுதுகிறேன்.

கருவியைப் பார்ப்பதற்கு முன் பிள்ளையைப் பார்க்க வேண்டும். பார்வை, கேள்வி, தொடுதல், சுவை, மணம் என்னும் ஐந்தோடு, தசையும் மூட்டும் தரும் உணர்வு, உள்காது தரும் சமநிலை உணர்வு என்று மேலும் இரண்டை இத்துறையில் சேர்த்துப் பேசுவோம். ஒரே ஓசை ஒரு பிள்ளைக்கு ஊசி குத்துவதைப் போல இருக்கும். மற்றொரு பிள்ளைக்கு அது காதில் விழுந்ததாகவே தெரியாது. 2013-இல் வெளிவந்த அமெரிக்க மனநல மருத்துவச் சங்கக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு, புலன்களின் இந்த மிகைத் துலங்கலையும் குறைத் துலங்கலையும் ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. ஆகவே, ‘ஆட்டிசப் பிள்ளைகளுக்கான கருவிப் பெட்டி’ என்று ஒரே பெட்டியை ஐந்து பேருக்கும் வாங்குவதில் பொருளில்லை. எங்கள் ஐவரில் இருவர் ஓசையிலிருந்து ஓடி ஒளிபவர்கள், ஒருவன் இடைவிடாமல் குதிப்பவன், ஒருத்தி கையில் ஈரம் பட்டாலே அழுபவள், ஒருவன் சட்டைக் காலரை மென்று மென்றே கிழிப்பவன்.

தனி அறையின் பக்கம் உள்ள நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒளியும் மென்மையான ஓசையும் நிறைந்த இத்தகைய அறை 1970களில் நெதர்லாந்தில் உருவானது. மிகக் கடுமையான குறைபாடுகளுடன் காப்பகங்களில் வாழ்ந்தவர்களுக்காக ஏற்பட்ட அமைப்பு அது. பார்வை மங்கிய, தானாக உடலை அசைக்க இயலாத பல்வகைக் குறைபாடுள்ள பிள்ளைக்கு, இருட்டில் நிறம் மாறும் ஒளி ஒன்றைக் கண்ணால் தொடர்வதே பெரிய அனுபவம். அப்படிப்பட்ட பிள்ளைகள் பலர் தங்கிப் பயிலும் பெரிய சிறப்புப் பள்ளியில், அன்றாடச் செயல்களைச் செய்யப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஒருவர் நாள்தோறும் இருப்பாரானால், அறை அமைப்பதையே நானும் பரிந்துரைப்பேன்.

எங்கள் நிலை அதுவன்று. ஒரு சிறப்பாசிரியரும் ஓர் உதவியாளரும் பன்னிரண்டு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில், ஒரு பிள்ளையை அறைக்கு அழைத்துச் சென்றால் பதினொரு பேர் ஒருவர் பொறுப்பில் இருப்பார்கள். அதனால் அறை பூட்டியே கிடக்கும். விலையுயர்ந்த பொருள் உள்ளே இருக்கிறது என்ற கவலை அந்தப் பூட்டை மேலும் இறுக்கும். சித்திரை, வைகாசியில் சன்னல்களை மூடி இருட்டாக்கிய அறைக்குள் குளிரூட்டி இல்லாமல் கால் மணி நேரம்கூட இருக்க முடியாது. நீர்க்குழாயில் பாசி பிடித்தாலோ மோட்டார் நின்றாலோ பழுது பார்ப்பவரை வெளியூரிலிருந்து வரவழைக்க வேண்டும். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கணக்கில் சிறப்புத் தேவையுள்ள பிள்ளை ஒருவருக்கு ஆண்டுக்கு 3,500 ரூபாய் என்பது வரையறை. அந்தக் கணக்கில் சிந்தித்துப் பழகிய எவருக்கும், ஒரே ஒளிக்குழாய் பல பிள்ளைகளின் ஆண்டுப் பங்கை விழுங்கிவிடுவது மனத்தை உறுத்தும். எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. அறைக்குள் அமைதியாகும் பிள்ளை அறைக்குள் இருப்பதற்குத்தான் பழகுகிறான். வகுப்பில் மற்றவர்களோடு உட்கார்ந்திருக்க அவனுக்கு உதவுவதே நம் நோக்கம் என்றால், உதவி அவன் உட்காரும் பாயிலேயே இருக்க வேண்டும். எனவே அந்த யோசனையைக் கைவிட்டோம்.

பட்டியல் கருவிகளுக்கும் உள்ளூர்ப் பொருள்களுக்கும் இடையேயான ஒப்பீடு அவ்வளவு எளிதாக முடியவில்லை. புலனுக்குப் புலன் விடை மாறுகிறது.

உடலுக்கு அழுத்தம் தருவதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதிகம் கேட்கப்படுவதும் அதிக ஆபத்துள்ளதும் அதுதான். எடை வைத்த மேலாடையும் எடை வைத்த போர்வையும் பட்டியல்களில் முதல் பக்கத்தில் இருக்கின்றன. மேலாடை பிள்ளையின் கவனத்தைக் கூட்டுகிறது என்பதற்கு ஆய்வுகளில் உறுதியான சான்று கிடைக்கவில்லை. சான்று கிடைத்திருந்தாலும் திருநெல்வேலி வெயிலில் இரண்டு அடுக்குத் துணியும் எடையும் சேர்ந்த ஓர் ஆடையைப் பிள்ளைக்கு மாட்ட எனக்கு மனம் வராது; வியர்வைக்குரு வந்து சொறியும் பிள்ளைக்குக் கவனம் எங்கிருந்து வரும்? போர்வையைப் பற்றிச் சொல்ல வேண்டியது இன்னும் கடுமையானது. 2008-இல் கனடாவின் கியூபெக் மாநிலத்துப் பள்ளி ஒன்றில், ஆட்டிசம் உள்ள 9 வயதுச் சிறுவன் எடைப் போர்வைக்குள் சுற்றிவைக்கப்பட்டு மூச்சுத் திணறி உயிரிழந்தான். தானாக விலக்க முடியாத எடையை எந்தப் பிள்ளையின் மீதும் வைக்கக் கூடாது. முகத்தையும் தலையையும் மூடவே கூடாது. இந்த இரண்டு விதிகளையும் எங்கள் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறோம்.

இதற்கு மாற்றாக நாங்கள் கண்டது பாய். குதிக்கும் பையனின் தாய் ஒருநாள், “டீச்சர், இவன் வீட்டுலயும் பாய்க்குள்ள சுருண்டுதான் கெடப்பான், பிரிச்சா அழுவான்” என்று குறைபோலச் சொன்னார். அவர் சொன்னது குறையன்று, குறிப்பு. பக்கத்திலிருக்கும் பத்தமடையில் நெய்யும் கோரைப்பாயில், திருமணத்துக்கு வாங்கும் மெல்லிய பட்டுப்பாயை அல்ல, முரட்டுக் கோரையில் நெய்த அன்றாடப் பாயை வாங்கி விரித்து வைத்தோம். அவனாகவே அதன் ஓரத்தைப் பிடித்து உருண்டு சுருட்டிக்கொள்கிறான், அவனாகவே உருண்டு வெளியே வருகிறான். கோரை காற்றை விடும், வியர்க்காது, விறைப்பாக இருப்பதால் முகத்தோடு ஒட்டாது. பெரியவர் யாரும் அவனைச் சுருட்டுவதில்லை என்பதும், தலை எப்போதும் பாய்க்கு வெளியே இருக்கிறது என்பதும், ஒருவர் பக்கத்திலேயே நிற்கிறார் என்பதும் இங்கும் மாறாத நிபந்தனைகள். கியூபெக்கில் நடந்ததற்குக் காரணம் போர்வை மட்டுமன்று, பிறர் சுற்றிவிட்டுக் கவனிக்காமல் விட்டதும்தான். பாயாலும் அதே கேடு நேரலாம் என்பதை மறந்துவிடக் கூடாது.

உட்கார்ந்திருக்கும்போது மடியில் வைக்கும் எடைப் பையை நாங்களே தைத்தோம். பிள்ளையின் எடையில் 5 முதல் 10 விழுக்காடு, ஒரு தடவைக்கு இருபது நிமிடம் என்பது தெரபிஸ்டுகள் வழக்கில் சொல்லும் அளவு. அது ஆய்வில் நிறுவிய அளவன்று, கைப்பழக்க அளவு. எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு கிலோ போதுமானதாக இருக்கிறது. உள்ளே புளியங்கொட்டை போடுவதா, கழுவி உலர்த்திய மணல் போடுவதா என்று இரண்டையும் செய்து பார்த்தோம். புளியங்கொட்டை கையில் உருண்டு ஓசை தருவதால் மடியில் வைத்த பிள்ளை அதைப் பிசைந்து விளையாடத் தொடங்கினான். மணல் அமைதியாகக் கிடந்தது. அமைதி வேண்டிய இடத்துக்கு மணல், விரல் வேலை வேண்டிய இடத்துக்குப் புளியங்கொட்டை என்று பிரித்துக்கொண்டோம். தையல் இரட்டையாக இருக்க வேண்டும், மேலுறை கழற்றித் துவைப்பதாக இருக்க வேண்டும்.

விதைகளைப் பற்றிப் பேசும்போது ஒரு முக்கியமான எச்சரிக்கை. அழகாக இருக்கிறது என்பதற்காகக் குன்றிமணியை வகுப்புக்குள் கொண்டுவராதீர்கள். அதனுள் இருக்கும் அப்ரின் கொடிய நஞ்சு. விதையை மென்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து. பல்லாங்குழிக்குச் சோழி, பொட்டலம் கட்டப் புளியங்கொட்டை என்று எதை எடுத்தாலும், வாயில் போடும் பழக்கமுள்ள பிள்ளை இருக்கும் மேசையில் அதைத் திறந்து வைக்கக் கூடாது. சிறு பிள்ளைகளின் பொம்மைகளைச் சோதிக்க ஏறக்குறைய 32 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாய் ஒன்றைப் பயன்படுத்துவார்கள். அதற்குள் அடங்கும் பொருள் தொண்டையை அடைக்கக்கூடியது. அம்பாசமுத்திரத்து மரச்சொப்புகளை வாங்கியபோது அந்த அளவில் ஒரு குழாய்த் துண்டை எடுத்துச் சென்றேன். அடுப்பும் உரலும் குடமும் தப்பின. குட்டிக் கரண்டிகளையும் மூடிகளையும் ஒதுக்கிவிட்டேன். கடைசல் பிடித்த மரத்தின் வழவழப்பும் கனமும் பிளாஸ்டிக்கில் வராது என்பதால் சொப்புக்கே என் வாக்கு. பிளாஸ்டிக் பொம்மைதான் வேண்டும் என்றால் ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பார்த்து வாங்குங்கள். 2021 முதல் நம் நாட்டில் அது பொம்மைகளுக்குக் கட்டாயம்.

தொடுதலுக்கு உள்ளூர்ப் பொருளே மேலானது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. பாளையங்கோட்டையில் பார்வையற்ற பிள்ளைகளுக்கான பள்ளி பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே தொடங்கிவிட்டது. விரலால் தொட்டுக் கற்பது இந்த மண்ணுக்குப் புதிதன்று. பட்டியலில் வரும் ‘டெக்ஸ்சர் பலகை’ ஆறு சதுரத் துணித் துண்டுகளை ஒட்டியது, அவ்வளவே. திசையன்விளைப் பக்கத்துத் தேரி எனப்படும் மணல்மேட்டின் செம்மணல் மாவைப் போல மெல்லியது. ஆற்று மணல் நறநறக்கும். கயிற்று மிதியடி குத்தும். பனையோலை ஒரு பக்கம் தடவினால் வழுக்கும், ஓரத்தைத் தடவினால் கீறும் என்பதால் ஓரத்தை மடித்துத் தைக்க வேண்டும். ஓலைக் கிலுகிலுப்பை காதுக்கும் கைக்கும் ஒரே நேரத்தில் வேலை தருகிறது. காருகுறிச்சி மண்பாண்டத்துக்குப் பேர்போன ஊர். அங்கிருந்து கொண்டுவந்த பிசைந்த களிமண்ணைக் கடையில் விற்கும் வண்ண மாவுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். வண்ண மாவு மென்மையானது, விரைவில் காய்ந்து உதிர்வது. களிமண்ணோ கையை எதிர்த்து நிற்கிறது, அழுத்தினால்தான் மடிகிறது. மூளை முடக்குவாதத்தால் விரல் இறுகிய பெண் ஒருத்தி, ஈர மண்ணின் குளிர்ச்சிக்காகவே கையைத் திறந்ததை நாங்கள் பார்த்தோம். ஆனால் மண் தின்னும் பழக்கமுள்ள பிள்ளைக்குக் களிமண் கூடவே கூடாது. அவனுக்குக் கோதுமை மாவு கொடுத்தோம், அவனை இரத்தப் பரிசோதனைக்கும் அனுப்பினோம், ஏனென்றால் மண் தின்பதற்குப் பின்னால் இரத்தசோகை இருக்கலாம்.

ஈரம் பட்டால் அழும் சிறுமியின் கையை யாரும் பிடித்து மண்ணுக்குள் வைக்கக் கூடாது. அவள் பல நாள்கள் ஒரு குச்சியால் மட்டும் மண்ணைத் தொட்டாள். அது போதும்.

ஓசைக்கு வந்தால் நிலைமை தலைகீழ். இங்கே விலை கொடுத்து வாங்குவதே சரி. ஆடி மாதக் கோயில் கொடை விழாவுக்கு ஒலிபெருக்கி கட்டினால் எங்கள் மையத்தின் சன்னல் கம்பிகள் அதிரும். வெடிச் சத்தத்துக்கு ஓடி மேசைக்கடியில் புகும் பிள்ளைக்குப் பஞ்சு வைத்தால் பெரிய பலனில்லை. நன்றாகப் பொருந்தும் காதுக் கவசம் 20 டெசிபெல்லுக்கு மேலும் குறைக்கக்கூடியது. தொழிற்சாலைக்கு விற்பதை வாங்காமல் குழந்தை அளவிலானதை வாங்க வேண்டும், ஏனெனில் பெரியவர்களுடைய பட்டை குழந்தையின் தலையில் தளர்ந்து, இடைவெளி வழியே ஓசையை உள்ளே விட்டுவிடும். இரண்டு வாங்கினோம். நாள் முழுவதும் மாட்டி வைப்பதில்லை; எப்போதும் மூடியே இருக்கும் காது சிறிய ஓசைக்கும் அஞ்சத் தொடங்கும் என்று தெரபிஸ்டுகள் எச்சரிக்கிறார்கள். தெருவில் நடக்கும்போதும் மாட்டக் கூடாது. இவற்றோடு காசில்லாத திருத்தங்களும் உண்டு. தண்டவாளத் துண்டில் அடிக்கும் பள்ளி மணிக்கு நேர் கீழே அமர்ந்திருந்த பிள்ளையை எதிர்ச் சுவருக்கு மாற்றினோம், நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் துண்டு கட்டினோம், கிறீச்சிட்ட மின்விசிறிக்கு எண்ணெய் விட்டோம். காதுக் கவசத்தின் தேவை அதன் பிறகு பாதியாகக் குறைந்தது.

மெல்லும் பிள்ளைக்கும் வாங்குவதே நல்லது. சிலிக்கோனால் ஆன மெல்லும் குழாயைக் கொதிநீரில் கழுவலாம், கிழிந்தால் தூக்கி எறியலாம். பனங்கிழங்குக் காலத்தில், அதாவது பொங்கலை ஒட்டி, வேகவைத்த கிழங்கின் நாரைப் பல்லால் பிரித்து மெல்வது தாடைக்கு மிக நல்ல வேலை. ஆனால் அது விழுங்கத் தெரிந்த பிள்ளைக்கு மட்டும், ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். விழுங்குவதில் தடை உள்ள மூளை முடக்குவாதப் பிள்ளைகளுக்குக் கூடாது.

இருக்கைகளில் பட்டியல் பலவற்றைக் காட்டுகிறது: காற்றடைத்த வட்ட மெத்தை, பெரிய ஜிம் பந்து, ஆடும் முக்காலி. காற்று மெத்தை இரண்டு வாங்கினோம், மலிவு, நீடிக்கிறது. நாற்காலியின் முன்னிரு கால்களுக்குக் குறுக்கே கட்டிய பழைய சைக்கிள் ட்யூப் அதே வேலையைச் செய்கிறது. குதிக்கும் பையன் எழுதும்போது அதை உதைத்துக்கொண்டே இருக்கிறான், எழுந்து ஓடுவதில்லை. ஜிம் பந்து வேண்டாம் என்பது என் தீர்ப்பு: சிமெண்ட் தரை, இரண்டு பெரியவர்கள், பன்னிரண்டு பிள்ளைகள். டிராம்போலினையும் மறுத்தோம். டவுன் சின்ட்ரோம் உள்ள சிலருக்குக் கழுத்து மேலெலும்புகளின் பிணைப்பு தளர்ந்திருக்கும். மருத்துவர் பார்த்துச் சொல்லாமல் அவர்களைக் குதிக்கவோ குட்டிக்கரணம் போடவோ விடக் கூடாது. குதிப்பவனுக்கு வேண்டியது தசைக்கு வேலைதான் என்றால், குடத்தில் பாதித் தண்ணீர் எடுத்துச் செடிக்கு ஊற்றுவதும், புத்தகக் கட்டைத் தூக்கி அலமாரியில் வைப்பதும், மேசையைத் தள்ளிப் போடுவதும் அதைத் தருகின்றன. அவற்றைச் செய்யும் பிள்ளையை எல்லோரும் உதவிக்காரன் என்று அழைக்கிறார்கள் என்பது கூடுதல் நன்மை. ஒளி தொடர்பாகச் சிமிட்டும் பழைய ட்யூப்லைட்டுகளை மாற்றியதோடு நிறுத்திக்கொண்டோம். வலிப்புள்ள பிள்ளைகள் இருக்கும் அறையில் மின்னும் விளக்கு எதையும் வைப்பதில்லை.

இவ்வளவு சொன்ன பிறகு, கருவிகள் எந்த அளவுக்குப் பயன்படும் என்பதில் நாம் நேர்மையாக இருக்க வேண்டும். புலன்கள் தரும் செய்திகளை மூளை ஒன்றிணைப்பதைப் பற்றிய புலன் ஒருங்கிணைப்பு என்னும் கொள்கையை 1960களிலும் 1970களிலும் வகுத்தவர் அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஜீன் அயர்ஸ். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2012-இல் வெளியிட்ட அறிக்கை, இத்தகைய சிகிச்சைகளின் பயனை நிறுவும் ஆய்வுகள் குறைவு என்றும், அதைப் பெற்றோரிடம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்றும், குறிப்பிட்ட பிள்ளைக்கு அது உதவுகிறதா என்பதைக் கால வரையறை வைத்துப் பார்க்க வேண்டும் என்றும் கூறியது. இந்த மூன்றாவது அறிவுரையை நாங்கள் அப்படியே எடுத்துக்கொண்டோம். ஒரு பிள்ளை, ஒரு கருவி, இரண்டு வாரம். கருவிக்கு முன்பும் பின்பும் எத்தனை நிமிடம் பணியில் அமர்ந்தான், எத்தனை முறை தன்னை அடித்துக்கொண்டான் என்று ஒரு நோட்டில் குறிக்கிறோம். பிள்ளைக்குப் பிடித்திருக்கிறது என்பது ஒன்று, அதன் பிறகு அவனால் சாப்பிடவோ எழுதவோ விளையாடவோ முடிகிறது என்பது வேறு. பிடித்திருந்தால் அது பொம்மையாக இருந்துவிட்டுப் போகட்டும். பிள்ளைகளுக்குப் பொம்மையும் வேண்டும். ஆனால் கருவி என்று பெயரிட்டு அடுத்த ஆண்டும் அதற்கே பணம் கேட்கக் கூடாது. மெல்லும் குழாய் இந்தச் சோதனையில் தெளிவாகத் தேறியது. மடியில் வைக்கும் எடைப் பை ஒருவனுக்குத் தேறியது, மற்றவளுக்கு எந்த மாற்றமும் இல்லை; அவளிடமிருந்து எடுத்துவிட்டோம்.

கடைசியில் எஞ்சியது ஊஞ்சல். மெதுவாக முன்னும் பின்னும் ஆடுவது அமைதிப்படுத்தும், சுழல்வது கிளர்ச்சியூட்டும். எங்கள் ஐவரில் மூவருக்கு முதலாவது தேவை. பட்டியலில் உள்ள மேடை ஊஞ்சலும் துணி ஊஞ்சலும் உறுதியாகச் செய்யப்பட்டவை. வீட்டுச் சேலைத் தொட்டிலோ பிள்ளையை எல்லாப் பக்கமும் அணைத்துக்கொள்கிறது, அந்த அணைப்பு எந்த விற்பனைப் பொருளிலும் இல்லை. ஆனால் துணி கழுத்தில் சுற்றும் ஆபத்து உண்டு, ஒரு கணமும் கண்ணெடுக்க முடியாது. இரண்டில் எதைத் தேர்ந்தாலும் கேள்வி துணியைப் பற்றியதன்று, மேலே உள்ள கொக்கியைப் பற்றியது. ஆடும் பிள்ளையின் உடல் கொக்கியைத் தன் எடையைவிடக் கூடுதலான விசையோடு இழுக்கும். எங்கள் கட்டடத்தின் முன்பகுதி ஓட்டுக் கூரை, அதன் மரச் சட்டங்களை நம்ப முடியாது. பின்பகுதி கான்கிரீட், ஆனால் மழைக்குக் கசிந்த தளம். மொத்தத் தொகையில் ஏறக்குறைய பாதி உள்ளூர்ப் பொருள்களுக்கும் தையலுக்கும் மெத்தைக்கும் போயிற்று, கால்பங்கு காதுக் கவசத்துக்கும் மெல்லும் குழாய்களுக்கும் அவற்றுக்கு மாற்றாக வைத்திருக்க வேண்டியவற்றுக்கும் போயிற்று. மீதியை ஊஞ்சலுக்கென்று ஒதுக்கி, தளத்தைப் பார்த்துச் சொல்லும்படி பொறியாளருக்கு எழுதியிருக்கிறோம். அவர் வந்து சரி என்று கையெழுத்திட்டால் மேடை ஊஞ்சல் வாங்குவோம். இயலாது என்றால் அந்தத் தொகையில் முற்றத்து வேப்பமரத்தைச் சுற்றி மணல் நிரப்பி, உறுதியான பச்சைக் கிளையில் தாழ்வாக ஒரு பலகை ஊஞ்சல் போடுவோம்.